லேபுக்கு வரும் நடை

பொண்ணும் இல்லை, கஞ்சாவும் இல்லை மாமா. அரியாங்குப்பம் சக்கரபாணி மாமா அவர்களுக்கு உங்கள் மருமகன் நிலவன் வணக்கம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? கடைசி வருஷத்தில் காலேஜை ஏன் விட்டாய் என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை பிரின்சிபால் காலில் விழுந்தாவது திரும்பச் சேர்த்துவிடுவேன் என்றீர்கள். விழ வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள்.

நான் படித்தது ஃபைபர் ஆப்டிக். முடி மாதிரி கண்ணாடி நூல், அதுக்குள்ள வெளிச்சத்தை விட்டு சேதி அனுப்பறது. எங்க நிர்மலாதேவி மேடம் லேபிலேர்ந்து வைத்திக்குப்பம் கடற்கரை வரைக்கும் அந்தக் கேபிளைப் புதைச்சு வெச்சிருக்காங்க. மேல யார் நடந்தாலும் கண்ணாடி நடுங்கும், அந்த நடுக்கம் ஸ்கிரீன்ல கோடா வரும். லாரின்னா தடிக் கோடு, நாய்ன்னா பொடிக் கோடு. சாப்பாட்டுக்கப்புறம் அதைப் பாக்கறது என் வேலை. நான் நாற்காலியில உக்காந்ததும் கடல் பக்கம் ஒரு மனுஷ நடை கிளம்பும் மாமா. நொண்டி நடை. நேரா லேபுக்கு வந்து என் நாற்காலிக்குக் கீழ நின்னுடும். திரும்பிப் போறதே இல்ல. மேடத்துகிட்ட சொன்னா, "ரிப்போர்ட்ல பாதசாரின்னு எழுதுப்பா"ங்கறாங்க. சரின்னு கூடப் படிக்கிற வினோத்குமாரைப் பாதி வழியில நிக்க வெச்சு போன் போட்டேன்.

"டேய், இப்ப உன்னைத்தான் தாண்டுது, பாரு."

"ஒரு ஆளும் இல்லடா. செருப்புக்கடியில குறுகுறுங்குது. நான் வீட்டுக்குப் போறேன், நீ எக்கேடும் கெட்டுப் போ."

அன்னிக்கே பையைத் தூக்கிட்டேன். அது கடற்கரையை விட்டு லேபுக்குத்தான் போவுது, அப்ப கடற்கரைதான சேஃப்? அதனால வைத்திக்குப்பத்துல ஐஸ் கொட்டகையில வேலைக்குச் சேந்துட்டேன். கேபிள் முடியிற இடமே இதுதான். மத்தியானத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, நிம்மதி. செத்தாலும் அந்த காலேஜுக்கு வர மாட்டேன், அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. அத்தையை ரொம்பக் கேட்டதா சொல்லுங்க, குட்டிங்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நிலவன்

பி.கு.: இப்பதான் இனியா போன் பண்ணா. என் க்ளாஸ்மேட்டு, எனக்கப்புறம் அந்த ஸ்கிரீனைப் பாக்கறவ. "லூசு, ஸ்கிரீன்ல ‘கடல்’, ‘லேப்’னு ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்க. அது உன்கிட்ட வரலடா. நாற்காலிக்கு அடியிலேர்ந்து கிளம்பி கடலுக்குப் போயிருக்கு." நீ இப்ப எங்க உக்காந்திருக்கன்னு அவளைக் கேட்டேன். "உன் நாற்காலியிலதான். கிளம்பிடுச்சு, பாதி வழி தாண்டிடுச்சு"ங்கறா. மாமா, திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது, இன்னிக்கே என்னை காலேஜ்ல சேத்துடுங்க, யார் கால்ல வேணா நானே விழறேன். உடைச்சு வெச்ச ஐஸ் தானா சரியுது. நான் போவணும் மாமா