பதினோரு மணிச் சண்டை

பத்துக்கு இரண்டு என்று அட்டவணையில் எழுதிவிட்டு, கிடங்கைக் கவனிக்கும் ஸ்டோர்ஸ்காரர் பேனாவை மூடினார். காலை பத்து மணிக்கு அவர் உடம்பில் இருந்த சக்தி அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மூன்று இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் ஒன்று எங்கே போய்த் தொலைந்தது என்று அவருக்கே புரியவில்லை.

எல்லாம் அந்தக் கோட்டு போட்ட பயிற்சியாளர் செய்த வேலை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் இந்தக் குடை கம்பெனிக்கு வந்தார். கைப்பிடிப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவு வரை எல்லோரையும் உட்காரவைத்து, "நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு பேட்டரி!" என்றார். "எப்போ சார்ஜ் ஏறுது, எப்போ இறங்குதுன்னு தெரியாம லட்சியத்தை நோக்கிக் கிளம்பினா, பாதி வழியில நின்னுடுவீங்க!"

சொல்லி வாயை மூடவில்லை, அவருடைய மைக் நின்றுவிட்டது. மாற்று பேட்டரி கொண்டுவரவில்லையாம். மீதியைக் கத்தியே சொல்லி முடித்தார்.

ஆளுக்கொரு அட்டவணை கொடுத்தார். மணிக்கொரு தடவை நம் சக்திக்கு நாமே மார்க் போட வேண்டும். மார்க் உச்சத்துக்குப் போகும் நேரத்தைக் கண்டுபிடித்து, முக்கியமான வேலையைத் தூக்கி அங்கே வைக்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் காகிதத்தில் டீ தம்ளர் வைத்தார்கள். ஸ்டோர்ஸ்காரர் மட்டும் விடாமல் மார்க் போட்டார். அவருக்கு வேறு வழியில்லை.

ஏனென்றால் முதலாளி சொல்லியிருந்தார்: "கிடங்கைச் சீர்பண்ண ஒரு திட்டம் எழுதிக் குடுங்க. முப்பதாம் தேதிக்குள்ள என் மேஜைக்கு வந்தா நீங்கதான் மேலாளர். வரலைன்னா என் மச்சான் வர்றான்."

அந்த மச்சானை ஸ்டோர்ஸ்காரருக்குத் தெரியும். ஒருமுறை கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்து, குடைக் கம்பிகளைக் கையில் எடுத்து, "இது துணிக்கு உள்ள வருமா, வெளிய வருமா?" என்று கேட்ட மகான். ஒன்பது வருடத்தில் மூன்று மேலாளர்களுக்குத் தலையாட்டியாகிவிட்டது. இந்த ஆளுக்கும் ஆட்டுவதென்றால் கழுத்து தாங்காது.

கிடங்கு அவருக்கு மனப்பாடம். கைப்பிடி ஒரு மூலை, கம்பி ஒரு மூலை, துணி மாடியில். போன மழைக்காலத்தில் முந்நூறு குடைகள் கைப்பிடியே இல்லாமல் கடைகளுக்குப் போனது இந்த லட்சணத்தால்தான். என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. புது நோட்டு வாங்கினார். நாலு கலர் பேனா வாங்கினார். 'கிடங்குச் சீரமைப்புத் திட்டம்' என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார். அதோடு சரி. பதினோரு நாளாக மூன்றாவது கோடுகூட விழவில்லை.

தேதி பதினைந்து. அட்டவணையை எடுத்துப் பார்த்தார். இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாள் பூஜ்யம். ஆனால் பதினோரு மணிக்கு நேராக மட்டும் தினமும் ஒன்பது. போன வெள்ளிக்கிழமை பத்தே இருந்தது.

"பதினோரு மணிக்கு நான் என்ன பண்றேன்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

வாசல் பக்கத்து மேஜையில் போன்களைப் பார்த்துக்கொள்ளும் டெலிபோன் அம்மா தலையைத் தூக்காமல் பதில் சொன்னார். "தினம் பத்தேமுக்காலுக்கு நீங்களும் பேக்கிங் சாரும் சண்டை போடுவீங்க. பதினோரு மணிக்கு முடிச்சிட்டு, முகமெல்லாம் சிவந்து, சும்மா ஜம்முனு வந்து உக்காருவீங்க."

ஸ்டோர்ஸ்காரருக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது.

உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தொடங்கிய சண்டை அது. அன்றைக்கு அவர் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை மனைவி பின்னாலேயே கொண்டுவந்து, வாசலில் நின்ற பேக்கிங்காரரிடம் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். டப்பாவை நீட்டும்போதே பேக்கிங்காரர், "சோத்தையே மறக்கற ஆளு ஸ்டோர்ஸை எப்படிங்க பார்ப்பீங்க?" என்று ஆரம்பித்தார். அது ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் நடந்தது. ஃபேன் வேகம், ஜன்னல் கதவு, கத்தரிக்கோலை யார் எடுத்தது, நடக்கும்போது செருப்பு ஏன் இந்தச் சத்தம் போடுகிறது... சண்டைக்கு விஷயமா கிடைக்காது?

அதில் ஒரு விசேஷம், முன்கோபக்காரர் என்று பெயர் எடுத்திருந்த ஸ்டோர்ஸ்காரர் இந்த ஒன்பது வருடமாக வீட்டில் பசுமாதிரி இருந்தார். "குடை கம்பெனிக்கு வந்ததுலேர்ந்து எனக்குப் பக்குவம் வந்துடுச்சு" என்று தானே சொல்லிக்கொள்வார். மனைவியும் மறுத்துப் பேசியதில்லை.

மறுநாளே திட்டம் போட்டார். பத்தே முக்காலிலிருந்து பதினொன்று வரை சண்டை, பச்சை மை. பதினொன்றிலிருந்து ஒன்று வரை எழுத்து, சிவப்பு மை. என்ன சொல்ல! ஃபேனை ஒன்றில் வைப்பதா நாலில் வைப்பதா என்று பேக்கிங்காரரோடு கால் மணி நேரம் கத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், பேனா தானாக ஓடியது. மூன்றே நாளில் பாதித் திட்டம் முடிந்தது. காகிதத்தில் கைப்பிடியையும் கம்பியையும் பக்கத்தில் கொண்டுவந்தாயிற்று. துணியை மாடியிலிருந்து இறக்குவதுதான் பாக்கி.

பத்தொன்பதாம் தேதி. ஸ்டோர்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போனார். "யோவ், உங்க அட்டைப்பெட்டி எல்லாம் என் வழியில கிடக்கு!"

பேக்கிங்காரர் சிரித்தார். "மன்னிச்சுக்குங்க சார். இதோ எடுத்துடறேன்."

"என்னது?"

"எடுத்துடறேன் சார்." எடுத்தும் விட்டார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பேக்கிங்காரர் தன் அட்டவணையைக் காட்டினார். டீ தம்ளர் வட்டத்துக்கு நடுவே எண்கள் இருந்தன. எட்டு, எட்டு, ஏழு. பதினோரு மணிக்கு நேராக மட்டும் ஒன்று. "உங்களோட சண்டை போட்டா என் பேட்டரி இறங்கிடுது சார். எனக்கும் வயசாகுது. அதான் விட்டுட்டேன்."

ஸ்டோர்ஸ்காரர் விடவில்லை. பேக்கிங் டேப்பை ஒளித்து வைத்துப் பார்த்தார். பேக்கிங்காரர் புது டேப் பிரித்தார். ஃபேனை நிறுத்திப் பார்த்தார். "குளிரா இருக்கா சார்?" என்று கேட்டு ஜன்னலையும் சாத்தினார். "உங்களுக்கு முடிச்சுப் போடக்கூடத் தெரியலை" என்று சொல்லிப் பார்த்தார். "கத்துக்குடுங்க" என்றார் அந்தப் பாவி.

வேறு ஆள் தேடினார். வாயிற்காவலரை அதட்டினார். அவர் நடுங்கிப்போய் மூன்று நாளைக்கு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். கணக்குப் பிரிவு அம்மாவிடம் ஒரு ரசீதைப் பற்றி வம்புக்குப் போனார். அந்த அம்மா ரசீது, அதன் நகல், போன வருடத்து ரசீது, இவருடைய கையெழுத்து, இவருடைய படிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளுத்து வாங்கினார். அன்றைக்கு ஒரு மணிக்கு மார்க் போடப் பேனாவைத் தூக்கக்கூட முடியவில்லை.

'வீடு எதற்கு இருக்கிறது?' என்று தோன்றியது. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"இந்தக் குழாய் ஏன் சொட்டுது?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"சரிங்க, நாளைக்குப் பார்க்கச் சொல்றேன்" என்றார் மனைவி.

"செருப்பை யாரு இப்படிக் குறுக்கால விட்டது?"

"அது உங்க செருப்புதாம்ப்பா" என்றாள் மகள்.

சரிங்க என்று சொல்கிற மனைவியோடு எப்படிச் சண்டை போடுவது? எழுத்தும் ஓடவில்லை. ஆனால் கிளம்பிய வாயும் நிற்கவில்லை. குழாய், செருப்பு, உப்பு, மகள் படிக்கும்போது காலை ஆட்டுவது, மாடி வீட்டுக்காரர் நடப்பது. ஐந்து நாள் தொடர்ந்து நடந்தது. மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல யாராவது லீவா?" என்று மனைவி ஒரு நாள் கேட்டார்.

"எல்லாரும் வந்து குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காங்க! ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

இருபத்தைந்தாம் தேதி முதலாளியே அவர் மேஜைக்கு வந்தார். "திட்டம் எப்படிப் போகுது?"

சண்டைக்கு அலைந்த வாய், ஆள் பார்க்கவில்லை. "அதை எதுக்கு நீங்க கேக்கறீங்க?" என்றது.

டெலிபோன் அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனி என்னோடதுங்கறதால கேக்கறேன்" என்றார் முதலாளி. "முப்பது வரைக்கும் வேண்டாம். இருபத்தெட்டு காலையில குடுங்க. மச்சான் வேற தினம் போன் பண்றான்."

அன்று சாயங்காலம் ஸ்டோர்ஸ்காரர் வீட்டுக்கு வந்து, எதையும் திட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "அவ்வளவுதான். போச்சு" என்றார். "நாப்பத்தொன்பது வயசுல அந்த மச்சானுக்குக் கம்பி எது, காம்பு எதுன்னு பாடம் எடுக்கப்போறேன். பாதித் திட்டம் அப்படியே நிக்குது. அந்த பேக்கிங் ஆளு மட்டும் பழையபடி ரெண்டு வார்த்தை திட்டினா போதும், முடிச்சுடுவேன். திட்ட மாட்டேங்கறான்!" கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

மனைவி அவர் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தார். "நாளைக்குச் சரியாயிடும், விடுங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார்.

மறுநாள் பத்தே முக்கால். பேக்கிங்காரர் ஸ்டோர்ஸ்காரரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மருந்துச் சீட்டு போலிருந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு வாயைத் திறந்தார்.

"ஏன் சார், குளிச்சிட்டு ஈரத் துண்டைக் கட்டில்லயே போடற ஆளு, நீங்க கிடங்கைச் சீர்பண்ணப் போறீங்களா? பேஸ்ட்டை நடுவுல அமுக்கற ஆளு, நீங்க மேலாளரா?"

"யோவ்!" ஸ்டோர்ஸ்காரர் நாற்காலி பின்னால் சாயத் துள்ளி எழுந்தார். "யாரைப் பார்த்துய்யா சொல்றே!"

ஆகா, என்ன சண்டை அது! தன் வீட்டுக் கட்டிலும் பேஸ்ட்டும் பேக்கிங் பிரிவு வரைக்கும் எப்படி வந்தன என்று யோசிக்க அவருக்கு எங்கே நேரம்? பதினொன்றுக்கு உட்கார்ந்தவர் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் சீட்டைப் பார்த்து ஒரு சண்டை. குறட்டையைப் பற்றி. நோட்டில் துணி மாடியிலிருந்து இறங்கியது, சரக்கு போகும் வழி நேரானது, முந்நூறு குடைகளுக்கும் கைப்பிடி கிடைத்தது. இருபத்தெட்டு காலை நோட்டு முதலாளியின் மேஜைக்குப் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து முதலாளி கை கொடுத்தார். "பிரமாதம். நீங்கதான் மேலாளர். அந்தக் கோடி ரூம் உங்களுக்கு."

ஸ்டோர்ஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு நேராக பேக்கிங்காரரிடம் போனார். "உங்களை எதிரின்னே நெனச்சேன். நீங்கதான்யா என் பேட்டரி" என்றார்.

பேக்கிங்காரர் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டார். "தனி ரூமா சார்?"

"தனி ரூம்."

"கதவு இருக்கா?"

"கண்ணாடிக் கதவு."

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"நல்லா இருங்க சார்" என்று சொல்லி, பேக்கிங்காரர் தன் அட்டவணையில் பதினோரு மணிக்கு நேராகப் பெரிதாகப் பத்து என்று எழுதினார்.

ஸ்டோர்ஸ்காரர் சந்தோஷமாகத் திரும்பினார். 'எல்லாம் நம்ம திட்டமிடல்!' என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட எழுத வேண்டும் என்று தோன்றியது. சரியாக அப்போது டெலிபோன் அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

"மேலாளர் சார், உங்க வீட்டம்மா லைன்ல இருக்காங்க."

"வாழ்த்துச் சொல்லத்தான். குடுங்க, குடுங்க!"

"உங்களுக்கு இல்ல சார், பேக்கிங் சாருக்கு. 'ஒன்பது வருஷமா எங்க வீட்டுச் சண்டையை தினம் ஆபீஸ்லயே முடிச்சு அனுப்பினீங்கண்ணா, ரொம்ப நன்றி; இப்ப அவருக்குத் தனி ரூமாச்சே, நாளைலேர்ந்து அந்த டியூட்டியை யாருக்கு மாத்தப் போறீங்க?'ன்னு கேக்கறாங்க."