விழாச் சூளை

நாட்டில் முன்னேற்றம் மிகவும் தாமதமாக நடந்துவருகிறது என்ற உண்மையை மேலிடம் ஒருநாள் திடீரென்று கண்டுபிடித்தது. உடனே விருத்தாசலத்தில் ‘துரித முன்னேற்றப் பிரிவு’ என்று ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. அதற்கு அதிகாரியாகத் திரு. தெய்வநாயகம் அவர்கள் வந்து சேர்ந்தார். வருவதற்கு முன் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த வெற்றிப் பயிற்சி முகாமில் கலந்துகொண்டிருந்தார். நினைத்த மாத்திரத்தில் ஜெயிப்பது எப்படி என்று அங்கே சாப்பாட்டு இடைவேளை போக நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்களாம். அவருடைய சுற்றறிக்கைகளுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவன் நான். என் ஜெராக்ஸ் கடை, பீங்கான் பட்டறைகள் இருக்கிற தெருவில், திரௌபதி அக்காவின் பொம்மைப் பட்டறைக்கு எதிரில் இருக்கிறது.

அக்காவுக்கு அந்த ஆடி மாதம் நல்லபடியாகப் பிறந்திருந்தது. சென்னையில் ஒரு பெரிய கடை கொலு பொம்மைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. சரக்கு திருப்தியாக இருந்தால் வருஷா வருஷம் அவரிடமே வாங்குவதாகப் பேச்சு. பொம்மைகள் சூளைக்குள் வெந்து முடிந்து, நெருப்பையும் நிறுத்தியாயிற்று. சூளை வாசலைச் செங்கல் அடுக்கி மண் பூசி அடைத்திருந்தார்கள். அந்தச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நிற்க முடிந்தால்தான் எங்கள் தெருவில் சூளையைப் பிரிப்பார்கள். அதற்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத் தெய்வநாயகம் சார் வந்தார். மேலதிகாரி ஒருவர் முன்னேற்றத்தை நேரில் காண ரயிலில் வருகிறார், கண்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்புகிறார், இரண்டு ரயிலுக்கும் நடுவில் அவர் கையால் சூளையைத் திறக்க வேண்டும் என்றார்.

“சூளை இன்னும் ஆறலைங்க சார். கைய வச்சுப் பாருங்க” என்றார் அக்கா.

வைத்துப் பார்த்தார். வெடுக்கென்று எடுத்து, கையை ஊதிக்கொண்டே கேட்டார். “யாரக் கேட்டு இவ்ளோ சூடா இருக்குது?”

“நெருப்பு வச்சா சூடாத்தாங்க இருக்கும். தானா ஆறணும். இப்பத் தொறந்தா குளுந்த காத்து பட்டு எல்லாம் விரிசல் வுட்டுப் போயிடும்.”

“இந்தத் தானா ஆறணும், தானா நடக்கணும்ங்கிற எண்ணந்தாம்மா நம்மள முன்னேற வுடல. நீங்க பாசிட்டிவா இருங்க. சூளையும் பாசிட்டிவா இருக்கும்.”

மறுநாள் சூளைக்கு மெமோ வந்தது. மேற்படி சூளையானது சூட்டைக் காரணம் காட்டி அரசின் முன்னேற்றத்துக்குக் குந்தகம் விளைவித்து வருவது கவனத்துக்கு வந்துள்ளதாகவும், ஆறாமைக்கான விளக்கத்தை உடன் அளிக்கத் தவறினால் ஆறிவிட்டதாகவே கருதப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. நான்தான் நகல் எடுத்தேன். பியூன் அதைச் சூளை வாசலிலேயே ஒட்டிவிட்டுப் போனார். சூளை விளக்கம் எதுவும் அளிக்கவில்லை.

அக்கா அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கெஞ்சினார். கோப்பின்படி சூளை முந்தாநாளே ஆறிவிட்டது என்று காட்டினார்கள். பட்டறைக் கொட்டகை அரசாங்க இடம், எதிர்த்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அக்கா திரும்பி வந்துவிட்டார்.

விழா நாளன்று மேளம் வந்தது, ரிப்பன் வந்தது, தெருவே செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றது. மேலதிகாரி தாம்பாளத்திலிருந்த சுத்தியலை எடுத்து முதல் செங்கல்லைத் தட்டிவிட்டு, வந்த அனலில் நாலடி பின்னால் போனார். மீதியை ஆட்கள் பிரித்தார்கள். உள்ளேயிருந்து டிங், டிங் என்று சத்தம் வர ஆரம்பித்தது.

“என்னய்யா சத்தம் அது?” என்றார் மேலதிகாரி.

“உங்கள வரவேற்குது சார்” என்றார் தெய்வநாயகம்.

தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த ஒவ்வொரு டிங்கும் ஒரு பொம்மை விரிசல் விடுகிற சத்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கழுத்தில் கீறல் விழாத சாமி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேலதிகாரி ரயிலைப் பிடித்துவிட்டார்.

நஷ்டத்துக்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்று அக்கா மனுக் கொடுத்தார். தெய்வநாயகம் சார் அன்பாகவே பேசினார். “பொறுமையா இருங்கம்மா. கோப்பு மேல போயி, தானா எறங்கி வரணும். அவசரப்பட்டா காரியம் கெட்டுப் போயிடும்.”

சென்னைக் கடைக்காரர் மட்டும் மனமிரங்கி, நவராத்திரிக்கு முன்னால் வந்தால் போதும் என்றார். அக்காவும் அவர் நாத்தனார் பூங்கோதையும் மறுபடி முதலிலிருந்து மண்ணைக் கரைத்தார்கள். அச்சில் ஊற்றி, காயவைத்து, வர்ணம் பூசி, சூளை ஏற்றி, நெருப்பையும் நிறுத்தினார்கள். சரக்கு உள்ளே ஆறத் தொடங்கிய வேளையில் ஊரில் நாகரிகம் மாறிவிட்டது.

அவசரம்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று அதே ஓட்டலில் புதிய முகாம் நடந்ததாம். பெயர்ப் பலகையில் ‘துரித’ என்பதை அழித்து ‘நிதான’ என்று எழுதினார்கள். நிதானத்தைப் போர்க்கால அடிப்படையில் நடைமுறைப்படுத்தி, இன்று மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நிதானத்தின் பலனை நேரில் காண அதே மேலதிகாரி, அதே இரண்டு ரயிலுக்கு நடுவில் வருவதாக ஏற்பாடு.

அக்கா இந்தத் தடவை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. “தாராளமா வாங்க சார்” என்றார்.

பட்டறையின் முன்பக்கம் இடிந்து கிடந்த பழைய சூளைக்கு ஒரு பூச்சுப் பூசினார். போன வருஷம் விலைபோகாத பொம்மைகளை உள்ளே அடுக்கி, செங்கல் வைத்து அடைத்து, மாலையும் போட்டார். நிஜச் சூளை பின்பக்கம் தன்பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி செங்கல்லில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. பொம்மைகள் முழுசாக வெளியே வந்தன. காத்திருப்பவனுக்குத்தான் வெற்றி என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். கண்கூடத் துடைத்துக்கொண்டார். ரயில் போன பிறகு, நிஜச் சூளை ஆற வேண்டிய அளவு ஆறி, அக்காவின் பொம்மைகள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பட்டறையும் வாசலில், அக்காவுடையதைப் போலவே, திறந்து காட்டுவதற்கென்று ஒரு விழாச் சூளை கட்டியாக வேண்டும், மானியம் அதற்கு மட்டும்தான் என்று உத்தரவு போட்டது. இப்போது தெரு முழுக்க விழாச் சூளைதான். பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்து வந்து செல்ஃபி எடுக்கிறார்கள்.

பின்பக்கத்துச் சூளையை ஒரு ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் கடையை அப்படியே போட்டுவிட்டு நானே போய் அதன் முன்னால் நின்றேன். செங்கல்லில் கை வைத்தேன், சுட்டது. கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. முன்பக்கம் மேளச் சத்தம் கேட்டது, ஓடிவிட்டேன்.