தாயில்பட்டிப் பாட்டுப்பரணி

வாழ்க முத்துக்கருப்பன். கந்தகமும் வெடியுப்பும் கலந்த காற்றையே நாள்தோறும் உண்டு விரிந்த மார்பினன், அலுமினியப் பொடி படிந்து அந்திதோறும் வெள்ளிச் சிலையெனக் குளிக்கப் புகும் மேனியன், பூச்சட்டிக்கு மருந்து செலுத்துவதில் தாயில்பட்டி வட்டாரப் பட்டாசுக் கம்பெனிகள் எவற்றிலும் தனக்கு நிகரில்லாதவன், 'ஈசல் றெக்கையிலே' என்னும் திரைப்பாடலின் தனிப்பெருங் காவலன், அன்னவன் சமர் செய்த சரிதத்தைப் பாட முனைந்தேன். எல்லையில் நிற்கும் கருப்பசாமியே, எனக்குச் சொல்வளம் அருள்க. சொல்லில் பிழையிருந்தால் என்னை ஏசுக. அந்த அப்பாவியை விட்டுவிடுக.

அந்த ஆண்டின் சிறந்த பாட்டுக்கான பெரிய விருதை அளிக்கத் தலைநகரத்து நடுவர்கள் கூடியிருக்கிறார்கள் என்ற சேதி பரவிய நாளிலேயே கம்பெனி இரண்டாகப் பிளந்தது. ஒருபுறம் 'ஈசல் றெக்கையிலே': குழலொன்று தொட்டிலாட்ட, குரலொன்று போர்வை போர்த்த, கேட்டார் கண்கள் தாமே சொக்கும் மென்பாட்டு. மறுபுறம் 'ஏணி வச்ச எறும்பு': முப்பது பறைகள் ஒருசேர முழங்க, கேட்டார் கால்கள் அவர்தம் அனுமதியின்றியே ஆடும் வன்பாட்டு. பகலெல்லாம் வெடிக்கும் பொருளைத் தொட்டு வாழ்பவனுக்கு எதுவுமே வெடிக்காத ஒரு பாட்டு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நம் தலைவன் அறிவான். ஆகவே ஈசலின் பக்கம் நின்றான்.

எறும்புப் படைக்குத் தலைமை ஏற்றவள் யார் என்கிறீர்களா? பேக்கிங் ஷெட்டின் பேரரசி, லேபிள் ஒட்டும் விரைவில் மின்னலை நாணச் செய்பவள், பாண்டிலட்சுமி. நம் தலைவன் தாலி கட்டிய மனைவி.

ஆடி மாதத்து ஓரிரவில், சோற்றுத்தட்டின் முன்னிலையில், அவ்வீட்டில் மூண்டது முதற்போர். தூங்கவைக்கும் பாட்டுக்கு விருது எதற்கு, ஒரு மாத்திரை போதுமே என்றாள் அவள். ஆடவைக்கும் பாட்டுக்கு விருது எதற்கு, ஒரு கட்டெறும்பு போதுமே என்றான் அவன். அதற்கு மேல் அவன் பேசியிருக்கக் கூடாது. ஆயினும் வீரர்க்கு வாய் அடங்குவதில்லை. எறும்பை ரசிப்பவர்க்குக் காதில் கோளாறு என்றும் சொல்லிவிட்டான். அகப்பையைக் கீழே வைத்து, அவள் விடுத்தாள் ஓர் அரசாணை.

"எந்தப் பாட்டுத் தோக்குதோ, அந்தப் பாட்டு ஆளு மொதல்ல வந்து பேசட்டும். அதுவரைக்கும் ஒங்க கூட எனக்குப் பேச்சில்ல."

அன்று தொடங்கியது மௌனம். அவள் பானையைப் பார்த்து, "திங்கிறவுக திங்கலாம்," என்பாள். அவன் கதவைப் பார்த்து, "குழம்புல உப்புக் கொறச்சல்," என்பான். பானையும் கதவும் இடைநின்று தூது சுமந்தன. கம்பெனி வேனில் எப்போதும் அவன் பக்கத்தில் அமர்பவள் இப்போது முன்வரிசைக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: விருதைப் பற்றி நம் தலைவனுக்கு ஒரு கவலையும் இல்லை. ஈசல் வென்றால் அவள் வந்து பேசுவாள். அவள் பேச வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இனிப் போர்க்களத்தின் இயல்பு கேளுங்கள். உலகத்துக் களங்களிலெல்லாம் படைகள் ஆர்ப்பரிக்கும், பாய்ந்தோடும், திரண்டு நிற்கும். இக்களத்திலோ 'ஓடாதே, கத்தாதே, கூட்டம் சேராதே' என்று சுவர்தோறும் செவ்வெழுத்துச் சாசனம். அறைக்கு நால்வர் மேல் அமரலாகாது. கைப்பேசியோ வாசற்காவலர் இருளாண்டியின் மரப்பெட்டியில் சிறை. ஆகவே பாட்டைப் போட்டுக்காட்டி வாதாட வழியில்லை. கூடி நின்று கோஷமிடவும் வழியில்லை. நம் தலைவனின் அறையிலேயே அமர்ந்திருந்த எறும்புப் படைத் தளபதி மெர்வின், மருந்து செலுத்தும் கை ஓயாமலே கால் பெருவிரலால் ரப்பர் விரிப்பில் பறைத்தாளம் தட்டினான். நம் தலைவனோ வாய் திறவாமல் மூக்கின் வழியே ஈசலை இசைத்தான். இவ்வாறு விரலும் மூக்கும் காலை முதல் உச்சிவரை பொருதின. வாசலில் வந்து நின்றார் போர்மேன் ஞானமுத்து.

"மருந்து ரூம்ல என்னலே கச்சேரி? கையப் பாத்துச் செலுத்துங்கலே," என்று பிரகடனம் செய்து அகன்றார்.

முடிவு வெளியாகும் நாளும் வந்தது. வாசலில் கைப்பேசியோடு இருப்பவர் இருளாண்டி ஒருவரே என்பதால், இரு படையும் அவரை நடுநிலைத் தூதராக நியமித்திருந்தன. ஈசல் வென்றால் சிவப்புத் துண்டை வீச வேண்டும். எறும்பு வென்றால் பச்சைத் துண்டு. நான்கு திசையும் கதவுள்ள அந்த அறையின் வாசற்பக்கக் கதவை நோக்கியே உட்கார்ந்திருந்தான் முத்துக்கருப்பன்.

பிற்பகலில், வேலிக்கப்பால் வெயில் ததும்பிய நேரத்தில், விண்ணை அளந்தெழுந்தது ஒரு சிவப்புத் துண்டு. ஒருமுறையன்று, பலமுறை.

அந்தோ, அக்கணத்தில் சுவரின் சாசனம் மறந்தான், போர்மேனை மறந்தான், பத்தாண்டுப் பழக்கத்தை மறந்தான். அவள் வாயிலிருந்து வரப்போகும் முதற்சொல்லை முந்திக்கொண்டு கேட்க வேண்டும் என்ற ஆவல் உந்த, பேக்கிங் ஷெட்டை நோக்கி, வெறுங்காலோடு, ஓடினான்.

மருந்து அறையிலிருந்து ஒருவன் ஓடினால் ஏன் என்று கேட்பவர் இந்தப் பூமியில் இல்லை. மெர்வின் எழுந்தோடினான். அதைக் கண்ட அடுத்த அறை ஓடியது. அடுத்தடுத்த அறைகள் ஓடின. 'ஓடாதே' என்று ஓயாமல் ஓதிய ஞானமுத்து அனைவரையும் முந்தி, வேட்டியின் ஒரு பாதியை முள்வேலிக்கு ஈந்து, மறு பாதியோடு பருத்திக் காட்டில் பாய்ந்தார். பேக்கிங் ஷெட்டிலிருந்து பெண்கள் வெள்ளமாய்ப் புறப்பட்டு வேலி கடந்தார்கள்.

கண்டான் நம் காவலன். எறும்புப் படை புறமுதுகிட்டது என்றே எண்ணினான். தோல்வியின் வெட்கம் தாளாமல் ஓடுகிறார்கள் என்று நெஞ்சு நிமிர்த்தினான். பிறகுதான் பார்த்தான், தன் ஈசல் படையும் கூடவே ஓடுகிறது. வென்றவர்கள் ஏன் ஓட வேண்டும்? எங்கேயோ ஏதோ பற்றிவிட்டது என்று அவனுக்குப் பட்டது. தான் மூட்டிய அச்சம் ஊரைச் சுற்றிவந்து தன்னையே பிடித்துக்கொண்டதை அறியாத அந்தப் பெருமகன், விருதையும் வெற்றியையும் விட்டெறிந்து, பாண்டிலட்சுமி எங்கே, பாண்டிலட்சுமி எங்கே என்று நெஞ்சு பதற ஓடினான்.

கம்பெனியே வெளியே ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒருத்தி மட்டும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மருந்து அறைப் பக்கம் ஓடிவந்தாள். தண்ணீர்த் தொட்டியருகே இருவரும் மோதாத குறையாக நின்றார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலேல்ல? ஒங்க ரூம்லருந்துதான் ஓடுனாகன்னு சொன்னாக."

"எனக்கு ஒண்ணுமில்ல பிள்ள. ஒனக்கு?"

இருவரும் நாற்புறமும் பார்த்தார்கள். புகை இல்லை. சத்தம் இல்லை. ஒரு காக்கை மட்டும் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா, மொதல்ல ஓடுன ஆளு யாரு?" என்றாள் பாண்டிலட்சுமி.

வெடிமருந்துக்கு அஞ்சாத வீரன் தன் கால் விரல்களைப் பார்த்தான். அப்போது ஓர் ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்தபடி வந்து சேர்ந்தார் இருளாண்டி. சிவப்புத் துண்டு அவர் தோளில் கிடந்தது.

"ஏலே முத்து, நான் துண்ட வீசி ஆட்டப் பத்துனேன்லே. விருத அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டாகளாம்," என்றார்.

பாண்டிலட்சுமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணில் நின்ற நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள். ஆடி மாதத்திலிருந்து பானைக்குள் சேர்த்து வைத்த அத்தனையும் வந்தது. அவன் மூளையைத் திட்டினாள், அவன் காலைத் திட்டினாள், ஈசலைத் திட்டினாள், போகிற போக்கில் எறும்பையும் திட்டினாள். உலகில் எந்தப் பாட்டும் இதுவரை பெறாத கவனத்தோடு முத்துக்கருப்பன் அதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒப்பந்தப்படி முதலில் பேசியவள் தோற்றவள் என்பது அவனுக்கு நினைவு வந்தது, வாயைத் திறக்கவில்லை.

வேன் வந்து ஹாரன் அடித்ததும் இரண்டு பேரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.