படுக்கப் போகிறவர்

“இதோ, படுக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் படுக்காதவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. கிள்ளானில் குடியிருந்து ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சிவநேசனை இந்த இனத்துக்குத் தலைவராகவே தேர்ந்தெடுக்கலாம். பதவியேற்பு காலையில் என்றால் மட்டும் வரமாட்டார்.

சாப்பிட்டுக் கொட்டாவி விட்டதும் படுக்கப் புறப்படுவார். வழியில்தான் எத்தனை வேலை! வாசல் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும், கைப்பேசியில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பார்த்த கையோடு ஜொகூரில் யாரோ ஒருவர் சேறு அப்பிய பழைய லோரியைக் கழுவும் காணொளியையும் பார்க்க வேண்டும். லோரியைப் பாதி அழுக்கோடு விட்டுவிட்டுத் தூங்க மனம் வருமா? லோரி சுத்தமாகும். அடுத்து ஒரு டிராக்டர் வரும். நடுவே, ‘சீக்கிரம் தூங்கினால் இதயம் நலம்’ என்று குடும்பக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்புவார். ஊரே குறட்டை விட்ட நேரத்தில் அது வந்திருப்பதை எல்லாரும் காலையில் பார்ப்பார்கள்.

மனைவி புனிதா கேட்டால் பதில் தயார். “எனக்கு பாடி கிளாக்கே வேற லா. டிலேய்ட் ஸ்லீப். அது ஒரு கண்டிஷன்.”

அதை உறுதி செய்துகொள்ள மருத்துவரிடமும் போனார்.

“படுத்தா தூக்கம் வர ரொம்ப நேரமாகுமா?”

“இல்ல டாக்டர். படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்.”

“அந்தக் கோளாறு உள்ளவங்க நேரத்தோட படுத்தாலும் தூக்கம் வராம புரளுவாங்க, பாவம். நீங்க படுக்கவே மாட்றீங்க. சீக்கிரம் படுத்து, காலையில கொஞ்சம் வெளிச்சத்துல நடங்க.”

வெளிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு, கோளாறின் பெயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இந்த நிலையில்தான் தங்கை மலர்விழியின் மகளுக்குப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். விடிந்ததும் நல்ல நேரம். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இருப்பது ஒரே மாமன்.

“இந்த ஒரு நாளாச்சும் நேரத்தோட வந்துருண்ணே.”

“என் மருமக காதுகுத்துக்கு நான் வராம இருப்பேனா?”

புனிதா முதல் நாளே உதவிக்கு மலர்விழி வீட்டுக்குப் போய்விட்டாள். சிவநேசன் பட்டு வேட்டியை எடுத்து வைத்தார். காது குத்தும்போது பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு காணொளி பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தார். பொறுப்புள்ள மாமன். அங்கிருந்து தோடு செய்யும் காணொளிக்குப் போனார், அங்கிருந்து தங்கச் சுரங்கத்துக்கு, சுரங்கத்திலிருந்து லோரிக்கு. கடைசியில் கைப்பேசி சார்ஜ் தீர்ந்து அவருக்கு முன்பே தூங்கிவிட்டது. காலையில் அதற்கு வந்த அழைப்பு ஒன்றும் அவரை எட்டவில்லை.

அவர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. மலர்விழியின் பக்கத்து வீட்டுக்காரர் நாகையாவின் மடியில், புதுத் தோட்டோடு, அழுது ஓய்ந்த பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

“குடுங்க அங்கிள், நான் வச்சுக்கிறேன்.”

கை பட்டதும் பிள்ளை கண் விழித்து, நாகையாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சிவநேசன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“விடுண்ணே,” என்றாள் மலர்விழி. குரலில் கோபம்கூட இல்லை. “அவளாச்சும் தூங்கட்டும்.”

அன்று அவர் திருந்த முடிவு செய்தார். ஆனால் தங்கையிடம் மன்னிப்புக் கேட்காமல் எப்படிப் படுப்பது? எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார், ‘இனி சீக்கிரம் தூங்குவேன்’ என்று முடித்து அனுப்பினார். அது எந்த நேரத்தில் வந்தது என்பதைக் காலையில் மலர்விழி பார்த்தாள்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். நல்லது. இதைப் படித்துவிட்டுப் படுக்கலாம் என்றுதானே கையில் எடுத்தீர்கள்? முடிந்துவிட்டது. எங்கே, விளக்கை அணையுங்கள் பார்ப்போம்.