வெளியே வராத விற்பனையாளர்

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை காலை, மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில், புதிதாக வந்திறங்கிய ஒற்றையாள் கூடாரத்துக்குள் விற்பனையாளர் ஒருவர் நுழைந்தார். வெளியே வரவில்லை.

கூடாரம் என்றால் கம்பும் கயிறும் நினைவுக்கு வரும். இது அந்த வகை இல்லை. ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பை. முகத்துக்கு நேரே வலை. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு ஜிப். சுருட்டினால் சட்டைப்பையில் அடங்கிவிடும். முதுகில் சுமையோடு மலை ஏறுகிறவர்கள் எடையைக் குறைக்கப் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டி எறிகிறார்கள். அவர்களுக்காகவே செய்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த விற்பனையாளர் விற்ற மிகப் பெரிய பொருள் காலுறை. கடையில் அவருக்குப் பெயரே சாக்ஸ்தான். முந்தைய நாள் முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "நாளைக்குள்ள இந்தப் புதுச் சரக்குல ஒண்ணாவது தள்ளு. இல்லன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்." இதை மனைவியிடம் சொல்லத் துணிவில்லாமல், வழக்கத்தைவிட உற்சாகமாகச் சீட்டியடித்தபடி கிளம்பி வந்திருந்தார்.

விற்கிற பொருளை முதலில் அனுபவித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்தார். முதல் அபிப்பிராயம் பிரமாதம். துணி மேலே கிடப்பதே தெரியவில்லை. வெங்காயச் சருகு போன்ற அந்தத் துணி ஜிப்பின் பல்லில் கடிபட்டுக்கொண்டது தெரிந்தபோது அபிப்பிராயம் கொஞ்சம் மாறியது.

"அக்கா," என்று தரையிலிருந்து கூப்பிட்டார்.

கல்லாவில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, வேலைக்கு வந்து படுத்துட்டீங்க?"

"ஜிப் மாட்டிக்கிச்சுக்கா. வெளியிலேருந்து ஒரு இழு இழுங்க."

அவர் குந்தி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தார்.

"வந்துடுச்சு தம்பி."

"திறந்துக்கிச்சா?"

"இல்ல. பிடி கையோட வந்துடுச்சு."

சோப்பு தடவினால் ஜிப் வழுக்கிக்கொண்டு வரும் என்று கல்லா அம்மாளே சொல்லி, கைகழுவுமிடத்திலிருந்து கொண்டுவந்து தேய்த்தார். ஜிப் அசையவில்லை. இப்போது பிடித்து இழுக்கவும் வழியில்லாமல் வழுக்கியது. சோப்புத் தூள் வலை வழியே உள்ளே இறங்கியது.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரவா?"

"ஐயோ, வேணாம்கா. கிழிஞ்சதுன்னா முதலாளி என்னைக் கிழிச்சிடுவாரு. நிக்க வச்சு இழுத்துப் பாருங்க."

மூட்டையைப் போல அவரைத் தூக்கிச் சுவரில் சாத்திய நேரத்தில் கடைக்கதவு திறந்தது. தலையில் வெயில் தொப்பியும் முகத்தில் தூக்கமின்மையுமாக ஒரு பெண்மணி உள்ளே வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வேணும். மலைக்குப் போறப்ப படுத்துக்க," என்றவர் சுவரைப் பார்த்தார். "அது யாரு?"

"பொம்மைங்க. பார்வைக்கு வச்சிருக்கோம்," என்றார் கல்லா அம்மாள். சொன்ன பிறகுதான் யோசித்தார்.

பெண்மணி கிட்டே வந்து வலைக்குள் உற்றுப் பார்த்தார். "பொம்மைக்கு வேர்க்குது."

"அது... துணியில காத்தோட்டம் எப்படின்னு காட்டறதுக்கு, வேர்க்கிற மாதிரியே செஞ்ச பொம்மை."

பொம்மை தும்மியது.

இனி மறைத்துப் பயனில்லை என்று விற்பனையாளருக்குத் தோன்றியது. "வணக்கம் மேடம். நேரடி விளக்கம் கொடுத்துட்டிருக்கோம். எதுவா இருந்தாலும் கேளுங்க."

பெண்மணி பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை நாளில் சாக்ஸின் முன்னால் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு நடக்க முடியுமா?"

"தாராளமா," என்று இரண்டு தத்தல் தத்திக் காட்டினார். பெண்மணியின் முகம் சற்று வாடியது.

"உள்ளேருந்து தானா வெளிய வந்துட முடியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டு வரலாம் மேடம். ஒரு நொடி வேலை."

"தூக்கக் கலக்கத்துலகூடவா?"

"குழந்தைகூட வந்துடும்," என்று கல்லா அம்மாளும் தன் பங்குக்குச் சேர்த்தார்.

முகம் இன்னும் வாடியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்த விற்பனையாளர், வெளியே வருவதன் சுலபத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். பேசப் பேசப் பெண்மணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப சரி. வேற கடையில பாத்துக்கறேன்."

"மேடம், ஒரு நிமிஷம்," என்று பின்னாலேயே மூன்றாவது தத்தல் தத்தினார். பை காலைத் தடுக்கியது. கம்பம் சாய்வது போலச் சாய்ந்து, காலுறை அலமாரியையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து முதலாளி ஓடி வந்தார். காலுறைக் குவியலுக்கு நடுவே ஒரு பை புரண்டுகொண்டிருந்தது.

"யாரது உள்ள?"

"நான்தான் சார். சாக்ஸ்."

"அது தெரியுது. ஆள் யாரு?"

விஷயம் தெரிந்ததும் முதலாளி ஜிப்பைப் பிடித்தார். வழுக்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தார். ஒரு காலை விற்பனையாளரின் வயிற்றில் ஊன்றி இழுத்தார். கடைசியில் தானே மல்லாந்து விழுந்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி நின்ற பெண்மணியிடம் கை கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இவன் சொன்னது அத்தனையும் பொய். இது ஒண்ணுக்கும் உதவாத சரக்கு. உள்ள போனா, யாரு என்ன செஞ்சாலும் வெளிய வர முடியல. திங்கக்கிழமை இதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறேன். இவனையும் சேத்துத்தான்."

பெண்மணி கைப்பையைக் கீழே வைத்தார்.

"அனுப்பாதீங்க. எங்க வீட்டுக்காரரு தூக்கத்துல எழுந்து நடக்கிறவரு. போன தடவை மலையில, விடியறப்ப அவரை அடுத்த முகாம்லேருந்து கூட்டிட்டு வந்தாங்க. இந்த மாதிரி ஒண்ணைத்தான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கேன்."

கல்லா அம்மாள் பில் போட்டார். விற்பனையாளர் உள்ளே இருந்தபடியே நன்றி சொன்னார்.