‘போதும்’ என்று கத்திய நாள்

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். வாய் நிறைய வரும். அந்த வாயால்தான் ஒருமுறை கரவன் ஒன்றை ஓடைக்குள் இறக்கினேன்.

எழுபதுகளில், நாங்கள் சிட்னிக்கு வந்த புதிது. இவர் வேலை செய்த கந்தோரின் பெரியவர், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் அந்தச் சின்ன வீட்டை ஒரு கிழமைக்குத் தந்தார். “கீறல் படாமல் கொண்டு வா” என்றும் சொன்னார். இவருக்கு வேலையை நிரந்தரமாக்குவதும் அவர் கையில்தான்.

வாரம்பங்கிள் மலைகளுக்குப் போனோம். காய்ந்த புல்வெளிக்கு நடுவே, யாரோ கல்லை அடுக்கிவிட்டு மறந்து போனதுபோல மலைகள்! தங்கும் இடமோ சரிவில். இவருக்கு முன்னுக்கு ஓட்டத்தான் தெரியும். பக்கத்துக் கரவன்காரர் பில் இரக்கப்பட்டு, தானே பின்னுக்கு எடுத்துத் தர எங்கள் காரில் ஏறினார். வழி சொல்ல நான் பின்னால் போய் நின்றேன்.

“இஞ்சேரும், நீர் விலகும். நான் பாக்கிறன்” என்றார் இவர்.

“ஏன், எனக்குக் கண் இல்லையோ?”

“கண் இருக்கு. இங்கிலீஸ் இல்லை.”

(அது என்ன பேச்சு! ‘கம்’, ‘ஸ்டொப்’ இரண்டும் தெரியும். வேறென்ன வேண்டும்?)

“கம், கம்” வரைக்கும் ராசாத்தி மாதிரித்தான் நின்றேன். கரவனின் பின்சில்லு, நிறுத்த வேண்டிய மரத்தடிக்கு வந்ததும், பதற்றத்தில் ‘ஸ்டொப்’ எங்கோ ஓடிவிட்டது.

“போதும்! போதும்!”

“ரைட்டோ!” என்றார் பில். கரவன் என்னைத் தாண்டிப் போனது.

“ஐயோ, போதும்! போதும்!”

நான் கத்தக் கத்த அவர் உற்சாகமாக விட்டார். இவர் முன்னால் நின்று போட்ட கூச்சல் இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையாம். (என் குரல் மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.) சரிவின் அடியில் இருந்த ஓடைக்குள் கரவனின் பின்பாதி எருமை மாதிரிப் படுத்தது.

எட்டு வயது மகள் வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, அவருக்கு இங்கிலீஸ் ‘பொட்டம்’ எண்டு கேட்டிருக்கு! சரிவின்ரை அடிவரைக்கும் போகச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சிட்டார்!”

“என்ரை வேலை போச்சு” என்று இவர் புல்லில் குந்திவிட்டார். பில்லோ தொப்பியைக் கழற்றி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

மலை சிவந்த அந்த மாலையில், கரவன் படியில் இருந்து தண்ணீருக்குள் கால் விட்டபடி, பில்லும் நாங்களும் என் கத்தரிக்காய்க் கறியைச் சாப்பிட்டோம். இவர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள் பில்லின் லொறி இழுத்தெடுத்தது. ஒரு கீறல் இல்லை. பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “அடியெல்லாம் கழுவித் தந்திருக்கிறாயே!” என்று இவர் கையைக் குலுக்கினார். வேலையும் நிரந்தரமானது. (யாரால் என்று நான் சொல்லத் தேவையில்லை.)

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் நான் பரிமாறும்போது ‘போதும்’ சொல்ல எல்லோருக்கும் பயம். வாணி கட்டிக்கொண்ட அவுஸ்திரேலியப் பிள்ளைக்குத்தான் அது தெரியாது. முதல் விருந்தில் தமிழில் சொல்ல ஆசைப்பட்டு, தட்டைக் கையால் மறைத்து, “பொட்டம், மாமி, பொட்டம்!” என்றான்.

பானையின் அடிவரைக்கும் வழித்துப் போட்டேன். மருமகன் கேட்டு இல்லை என்று சொல்லலாமோ?