பஜ்ஜிக்குத் தடை போட்டவர்

தடைக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். காலையில் செய்தித்தாளைப் பிரித்த கையோடு எதையாவது நிறுத்தச் சொல்வார். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்குவதற்குள், படிக்கட்டில் தொங்குவது, செல்போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்பது, ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்குவது, பக்கத்துச் சீட்டுக்காரரின் தோளில் சாய்வது என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மனசுக்குள் சட்டம் போட்டு முடித்திருப்பார். அவரிடம் எப்போதும் மூன்று சொற்கள் கைவசம் இருக்கும்: உடனடியாக, முற்றிலுமாக, கடுமையாக. தடை போட்ட மறுநாள் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

"அதை மறுநாள் பாத்துக்கலாம் சார்."

காட்டூர் ரத்தினவேல் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது தெரு நலச் சங்கத்தின் செயலாளர். மதுவிலக்கு என்ற பேச்சை மட்டும் அவர் முன்னால் எடுத்துவிடாதீர்கள். கடைகளை இன்று ராத்திரி மூடினால் நாளைக் காலையில் குடிகாரர்கள் எல்லாரும் பால் வாங்க வரிசையில் நிற்பார்கள் என்பார். கள்ளச்சாராயம் வருமே? அதற்கும் தடை. தடையை மீறுவார்களே? மீறுவதற்கும் ஒரு தடை.

கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா உமாமகேஸ்வரிக்கு இந்தப் பேச்சில் அலாதிப் பெருமை. படிப்பு அஞ்சாங்கிளாஸோடு நின்றாலும், கொடியில் துணி போட்டால்கூட ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் போடுகிறவர். "எங்க ரத்தினம் சின்ன வயசுலயே அப்படித்தாங்க. பம்பரம் விடக்கூடாதுன்னு தெருப் பிள்ளைங்களுக்கே உத்தரவு போடுவான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பிள்ளைகள் அவனைத் துரத்தித் துரத்தி அடித்ததை மட்டும் சொல்லமாட்டார்.

அரசாங்கம் யோசனை கேட்டு வராததால் ரத்தினவேல் தெருவிலிருந்தே தொடங்கினார். தெருமுனையில் செல்லக்கிளி என்கிற பெண் தள்ளுவண்டியில் தொட்டியத்து வாழைக்காயைச் சீவி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வண்டிதான் அவள் வீட்டுக்குச் சோறு. ஒருநாள் எண்ணெய்க் காகிதம் ஒன்று பறந்துவந்து செயலாளர் வீட்டு வாசல் கோலத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாளே பலகை வந்துவிட்டது: "இத்தெருவில் பஜ்ஜி விற்கவோ வாங்கவோ கூடாது."

செல்லக்கிளி போண்டா போட்டாள். பலகை திருத்தப்பட்டது: "எண்ணெயில் பொரித்த எதுவும் கூடாது." அன்று மத்தியானம் அக்கா வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாசனை தெரு முழுக்க வந்தது. சாயங்காலம் பலகையில் இன்னொரு வரி ஏறியது: "வீட்டு உபயோக அப்பளம் நீங்கலாக." சட்டம் என்றால் சும்மாவா?

தெரு திருந்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? தெரு நடைப்பயிற்சிக்குக் கிளம்பியது. வண்டி தண்ணீர் டேங்குக்குப் பின்னாலிருந்த காலி மனைக்கு நகர்ந்தது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவர்கள் துணிப்பையும் கையுமாக அந்தப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளும், டிபன் கேரியரிலும், தேவாரப் புத்தகப் பைக்குள்ளும் பஜ்ஜி தெருவுக்குள் வந்தது. முனையில் மட்டும் கிடந்த காகிதம் இப்போது வீட்டுக்கு வீடு கிடந்தது, யாரும் தம் வாசலில் போடாததால். டேங்குக்குப் பின்னால் விளக்கு கிடையாது; அந்த இருட்டில் எண்ணெய் புதுசா பழசா என்று யாருக்குத் தெரிந்தது?

ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஸ்ரீதர் டாக்டர் சீட்டோடு வந்தார். தமக்கு ரத்த அழுத்தம் குறைவு, மாலை வேளையில் உப்பும் எண்ணெயும் அவசியம், அந்தக் காலத்தில் மதுவுக்கே பர்மிட் கொடுத்தார்களே, பஜ்ஜிக்குத் தரக்கூடாதா என்று வாதாடினார். ரத்தினவேல் பர்மிட்டையும் தடை செய்தார்.

அடுத்தது சோதனை. செயலாளரே நேரில் போய், ஒரு தட்டு பஜ்ஜியை ஆதாரமாகக் கைப்பற்றினார். ஆதாரம் ஆறிப்போனால் செல்லாது என்பது அவர் கட்சி. மறுநாளும் கைப்பற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் ஆதாரத்தில் மிச்சம் எதுவும் இல்லையே.

தம்பியின் சட்டைகளை அக்காதான் துவைப்பார். பையில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. பெருமைப்படுகிறவர்களுக்குக் காரணம் சீக்கிரம் அகப்படும். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். சங்கிலி எண்ணெயில் ஓம வாசனை ஏன் வருகிறது என்பதுதான் சோப்புப் போடும்போது கொஞ்சம் உறுத்தியது.

அந்த வாரக் கடைசியில் செல்லக்கிளி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். வண்டியை லால்குடிக்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போகிறேன் என்றாள்.

"தடையினால யாவாரம் கெடலக்கா. கூட்டம் முன்னவிட ஜாஸ்திதான். ஆனா சார் தினம் ஒரு தட்டு கைப்பத்திட்டுப் போறாரு, சட்னியோட. அதைப் பாத்து கமிட்டி ஆளுங்களும் கைப்பத்துறாங்க. இப்ப வாங்குறவங்களவிட கைப்பத்துறவங்கதான் அதிகம்."

கொடியில் காய்ந்த தம்பியின் சட்டையை அக்கா ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"எந்தம்பி நேர்மையானவன். தட்டைத் திருப்பிக் குடுத்துடுவானே?"

"தட்டு வந்துடுதுக்கா."

அதுவரை சங்கக் கூட்டத்துக்கே போகாத அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் போய் உட்கார்ந்தார், செல்லக்கிளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. முனையில் பழைய இடம், சாயங்காலம் மட்டும். வண்டியோடு ஒரு குப்பைக் கூடை வைத்துக்கொள்கிறேன். தினமும் புது எண்ணெய், சங்கமே வந்து பார்க்கட்டும். சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்றதும் ஸ்ரீதர் இரண்டு கையையும் தூக்கினார். ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கினார்கள், செயலாளரைத் தவிர.

ரத்தினவேல் எழுந்தார்.

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் செயலாளர்னு நான் எதுக்குக்கா?"

தடைக்காரர் வாயிலிருந்து இப்படி ஓர் உண்மை வருவது அபூர்வம். அக்காவுக்கு மனசு இளகிவிட்டது.

"எண்ணெய் புதுசா பழசான்னு யாரு பாக்குறது? நாக்கு உள்ளவன் வேணாமா? தினம் மொத பஜ்ஜி நீ தின்னு பாத்து சொல்லு. காசு குடுத்து."

"சட்னிக்குமா?"

"சட்னிக்குந்தாண்டா."

வண்டி முனைக்குத் திரும்பியது. இப்போதெல்லாம் சாயங்காலம் ரத்தினவேல் முதல் பஜ்ஜியைக் கண்ணை மூடி மென்று, தலையை அசைத்த பிறகுதான் வரிசை நகர்கிறது. இந்தத் தெருவுக்குப் பஜ்ஜியைக் கொண்டுவந்ததே தன் தம்பிதான் என்று அக்கா ஜன்னலிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் படித்த உங்கள் மனசில் இப்போது என்ன ஓடுகிறது என்று தெரியும். இந்த மாதிரி ஆளை எந்தச் சங்கத்திலும் பதவிக்கு வரவிடக்கூடாது, அதற்கு முதலில் ஒரு தடை கொண்டுவர வேண்டும். அப்படித்தானே? உங்கள் தெருவில் பஜ்ஜி போடுகிறவரை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.